லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?

(கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது. மாகறல், மார்ச் 2024)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவதோட படிப்பு முடிஞ்சுது. "நீ மசாலாப் பொடிக்கு லைசென்ஸ் எடுத்தியே, அதை மட்டும் எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு, போதும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதை மட்டும்தான் சொல்லப் போறேன். எழுதிக்கிட்டு வந்திருக்கேன், பார்த்துப் படிச்சா தப்பா நினைக்காதீங்க.

எங்க குழுவில் நாங்க மூணு பேர் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மிளகாய்த் தூள் போடறோம்னு உங்களுக்குத் தெரியும். முதல்ல சும்மா கவர்ல கட்டித்தான் வித்தோம். திங்கட்கிழமை ஆனா நம்ம மாகறலீஸ்வரர் கோயிலுக்கு எலும்பு வியாதி தீரணும்னு வெளியூர்ல இருந்தெல்லாம் ஜனங்க வர்றாங்க. வாங்கிட்டுப் போனவங்க மறுபடி வந்து கேட்டாங்க. அப்புறம் காஞ்சிபுரத்துல ஒரு மளிகைக் கடைக்கு மாதிரி கொண்டு போனோம். கடைக்காரர் வாயில போட்டுப் பார்த்துட்டு, "பொடி நல்லா இருக்கும்மா. ஆனா 14 நம்பர் எங்க? அது இல்லாத பாக்கெட்டை நான் வச்சா எனக்குத்தான் கேஸ் வரும்"னு திருப்பிக் கொடுத்துட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

அந்த நம்பரைத் தேடிப் போனப்பதான் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஜி.எஸ்.டி. வேணும்னு ஒருத்தர். அக்மார்க் இல்லாம தூளே விற்கக் கூடாதுன்னு ஒருத்தர். ஒரு பிரவுசிங் சென்டர்ல எல்லாத்துக்கும் சேர்த்து 5,000 ரூபாய் கேட்டாங்க. இதைக் கேட்டுட்டே நம்மள்ல பாதிப் பேர் ஆசையை விட்டுடறோம். உண்மையில் எங்க அளவுக்குத் தேவைப்பட்டது என்னன்னு சொல்றேன்.

முதல்ல அந்த 14 நம்பர். அது உணவுப் பாதுகாப்புத் துறை தர்றது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ன்னு பாக்கெட்ல பார்த்திருப்பீங்க. 2006-ல் வந்த சட்டம், 2011-ல் இருந்து விதிகள் நடைமுறையில் இருக்கு. விற்பனை குறைவா இருக்கிற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு லைசென்ஸ் இல்லை, பதிவுதான். நாம பேச்சுக்கு லைசென்ஸ்னு சொல்றோம். வீட்டுல இருக்கிற ஏதாவது பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. நம்பர் 1-ல் ஆரம்பிச்சா லைசென்ஸ், 2-ல் ஆரம்பிச்சா பதிவு. நாங்க எடுத்தப்ப பதிவுக்குக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். அப்ப அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணாக் கட்டினாலும் 500 ரூபாய்தான் ஆச்சு. அந்த 5,000 எங்க, இந்த 500 எங்க!

போட்டோ, அடையாள அட்டை, பொடி போடற இடத்துக்கு ஒரு விலாச ஆதாரம், இதை வச்சு ஃபாஸ்காஸ்ங்கிற அரசு இணையதளத்துல மனு போடணும். 7 நாளைக்குள்ள அவங்க பதிவு தரணும், இல்ல முடியாதுன்னு காரணம் எழுதித் தரணும், இல்ல வந்து பார்க்கிறோம்னு சொல்லணும். அதுதான் விதி. எங்க வீட்டைப் பார்க்க வர்றோம்னு சொன்னப்ப எனக்குக் கை காலெல்லாம் உதறல். வந்தவர் அதட்டவெல்லாம் இல்லை. தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க, மிளகாயை எங்க காய வைக்கறீங்க, எந்த மில்லுல அரைக்கறீங்க, தலைக்குத் துணி கட்டறீங்களான்னு கேட்டார். ரோட்டு ஓரத்துல மிளகாய் காயப் போடவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னார். வண்டிப் புகையும் மண்ணும் அதுலதானே படியுது? நாங்க மாடியில தார்ப்பாய் விரிச்சு, மேல கொசுவலை கட்டித்தான் காய வைக்கிறோம். அதைப் பார்த்துட்டு சரின்னுட்டார்.

ரெண்டாவது, உத்யம் பதிவு. சிறு தொழில் செய்யறவங்கன்னு மத்திய அரசு தர்ற அத்தாட்சி. 2020 ஜூலை 1-ல் இருந்து இந்த முறை வந்தது. இதுக்குக் கட்டணமே கிடையாது. புதுப்பிக்கவும் வேண்டாம். இதுக்குப் போய் காசு வாங்கற இணையதளங்கள் நிறைய இருக்கு. பார்க்க அரசாங்கத்துது மாதிரியே இருக்கும். விலாசம் gov.in-ன்னு, அதாவது ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.னு முடியுதான்னு பார்த்துட்டுத்தான் உள்ளே போகணும்.

இந்த இடத்துலதான் நான் முக்கியமாச் சொல்ல வந்த விஷயம் இருக்கு. கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

உத்யமுக்கு ஆதார் நம்பர் போட்டா ஓ.டி.பி. வரும். அது யார் போனுக்கு வருது? நம்மள்ல நிறையப் பேர் ஆதார்ல வீட்டுக்காரர் போன் நம்பர்தான் இருக்கு. சிலருக்கு அண்ணன் நம்பர், சிலருக்கு எப்பவோ தொலைஞ்ச சிம். எனக்கும் வீட்டுக்காரர் நம்பர்தான் இருந்தது. அவர் தறி நெய்யறவர். தறிக்காக ஏற்கெனவே ஒரு உத்யம் எடுத்து வச்சிருந்தார். கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்த தம்பி, "அண்ணன் உத்யம்லேயே மசாலாவையும் சேர்த்துடலாம்க்கா, இப்பவே முடிஞ்சிடும்"னார். அப்படிச் சேர்க்க விதியில இடம் இருக்கு. ஒரு உத்யம்ல எத்தனை தொழில் வேணும்னாலும் சேர்க்கலாம். என் வீட்டுக்காரரும் நல்ல மனசோட, "சேர்த்துடேன், உனக்கு அலைச்சல் மிச்சம்"னார்.

நான் யோசிச்சேன். தறியில அவர் உட்கார்றார். தார் சுத்திக் கொடுக்கறது நான். அறுந்த இழையை எடுத்துக் கொடுக்கறதும் நான்தான். சங்கத்துல உறுப்பினர் அவர், கூலி அவர் கணக்குக்கு வருது. இது நம்ம பக்கம் பல வீட்டுல காலங்காலமா நடக்கறது, அதுக்காக நான் சண்டைக்குப் போகலை. ஆனா பொடி அப்படி இல்லையே. வறுக்கறது, சலிக்கறது, கடையில கடன் கேட்டு நிக்கறது, கணக்கு எழுதறது எல்லாம் நாங்க மூணு பேர். அதைக் கொண்டு போய் தறிக்குக் கீழே ஒரு வரியாச் சேர்த்தா, காகிதத்துல அது அவர் தொழில். நான் அதுல கூலி ஆள்கூட இல்லை.

அதனால அன்னிக்கு எதையும் பதியாம எழுந்து வந்துட்டேன். தபால் ஆபீஸ்ல 50 ரூபாய் கட்டி என் ஆதார்ல என் நம்பரை ஏத்தினேன். (போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்தும் இதைச் செய்து கொடுக்கறாங்க, கேட்டுப் பாருங்க.) அப்புறம்தான் உத்யம் போட்டேன். எங்க மூணு பேர்ல யார் பேர்ல போடறதுன்னு குழுக் கூட்டத்துல பேசி, தீர்மான நோட்டுல எழுதி, மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். லாபம் எப்படிப் பிரிக்கிறதுன்னும் அதுலேயே எழுதிட்டோம். இதை நீங்களும் செய்யணும். புருஷன் பேர்ல போனாத்தான் சிக்கல்னு இல்லை, வாய்ப்பேச்சா விட்டா கூட்டாளி பேர்ல போனாலும் சிக்கல்தான்.

விலாச ஆதாரத்துலயும் இதே கதைதான். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் எங்க மாமனார் பேர்ல. "இந்த வீட்டுல மருமகள் பொடி தயாரிக்க எனக்குச் சம்மதம்"னு அவர்கிட்ட ஒரு கடிதம் எழுதி வாங்கி வச்சோம். மாமியார் மட்டும், "எதுக்கு உன் பேர்ல, இப்ப என்ன ஆகிடும்?"னு கேட்டாங்க. அத்தை கேட்டதுக்குப் பதிலா, எனக்குத் தெரிஞ்ச வேற ஊர் அக்கா ஒருத்தங்க விஷயத்தைச் சொன்னேன். பேர் வேண்டாம். ஊறுகாய் போட்டு நல்லா வித்துக்கிட்டிருந்தாங்க. பதிவு எல்லாம் வீட்டுக்காரர் பேர்ல. அவர் திடீர்னு தவறிட்டார். பதிவு வச்சிருந்தவர் இறந்தா வாரிசுங்க 90 நாளைக்குள்ள மாத்தச் சொல்லி மனு போடணும். காரியம் முடிஞ்சு, அழுது தீர்ந்து, வாரிசுச் சான்றிதழுக்கு அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அந்த நாள் ஓடிப்போச்சு. கடைக்காரங்க சரக்கு எடுக்கறதை நிறுத்திட்டாங்க. ஊறுகாய் போட்ட கை அதே கைதான். அந்தக் கைக்குப் பேர் இல்லாமப் போச்சு. அதைக் கேட்டதும் அத்தை ஒண்ணும் பேசலை. மாமாவைக் கையெழுத்துப் போடச் சொன்னதே அவங்கதான்.

கடன் மானியத்துக்குப் போனாலும் தொழில் யாரோடதுன்னுதான் பார்ப்பாங்க. உணவுத் தொழில் செய்யறவங்களுக்கு 2020-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது, பி.எம்.எஃப்.எம்.இ.ன்னு சொல்றாங்க. அதுல வங்கிக் கடனோட சேர்த்து 35 சதவீதம் மானியம் இருந்தது, அதிகபட்சம் 10 லட்சம். நம்ம மாதிரி குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரைக்கும் தொடக்க நிதியும் கூட்டமைப்பு வழியா இருந்தது. இதுக்கு மனு போட, பதிவு எடுக்க உதவி செய்ய மாவட்டத்துல ஆட்கள் வச்சிருந்தாங்க. அவங்களுக்குச் சம்பளம் அரசாங்கம் தந்தது, நாம கொடுக்க வேண்டியது இருக்கலை.

இனி மத்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். எடைத் தராசுக்கு முத்திரை வேணும். அது தொழிலாளர் துறையில. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் போடணும். பாக்கெட் போட்டு விற்கறவங்க அதே துறையில் 500 ரூபாய் கட்டி, பேக்கர்னு பெயரைப் பதியணும். பாக்கெட்ல என்னென்ன இருக்கணும்னா, பொருளோட பேரு, சேர்த்த சாமான்கள் எது அதிகமோ அது முதல்ல, பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரிச்ச தேதி, எந்தத் தேதிக்குள்ள பயன்படுத்தணும், எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, நம்ம விலாசம், புகார் சொல்ல போன் நம்பர், அந்த 14 நம்பர். இதெல்லாம் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ கட்டாயம் இருக்கணுமாம், தமிழ் கூடுதலாப் போட்டுக்கலாம். நம்ம ஊர்ல விற்கற பொடிக்குத் தமிழ் மட்டும் போதாதுங்கறது எனக்கு இன்னும் மனசு ஒப்பலை. ஆனா விதி அதுதான். நாங்க ரெண்டுலயும் போட்டிருக்கோம், தமிழைப் பெரிய எழுத்துல.

அக்மார்க் பொடிக்குக் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தா எடுக்கலாம். ஜி.எஸ்.டி. வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான். ஆனா பெங்களூருக்கு அனுப்பறேன், ஆந்திராவுக்கு அனுப்பறேன்னு வெளி மாநிலத்துக்கு விற்க ஆரம்பிச்சா கதை வேற, அதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கணும். பெரிய மோட்டார் வச்சு அரைக்கிறதா இருந்தா ஊராட்சியில அனுமதி வாங்கணும், கரண்ட் கனெக்ஷனையும் மாத்தணும். வீட்டுக்குத் தர்ற இலவசக் கரண்ட்டுல தொழில் நடத்தி மாட்டினா அபராதம். தொழில் வரி ஊராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு தடவை. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரைக்கும் இல்லை.

புடவை வாங்கி விற்கற தங்கச்சிங்க பத்துப் பேராவது இங்க இருக்கீங்க. உங்களுக்கு அந்த 14 நம்பர் வேண்டாம், உத்யம் எடுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். காஞ்சிபுரம் பட்டுங்கற பேர் 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கின பேர். எங்கேயோ விசைத்தறியில ஓட்டின புடவையை வாட்ஸ்அப்ல காஞ்சிப் பட்டுன்னு போட்டு விற்காதீங்க. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுல தறியில குனிஞ்சு உட்கார்ந்திருக்கறது நம்ம அண்ணனும் அக்காவும்தான்.

எங்க பதிவு வந்த பிறகு அந்தக் கடைக்கு மறுபடி போனேன். அவர் நம்பரை போன்ல போட்டுச் சரி பார்த்தார். "உரிமையாளர் யாரும்மா?"ன்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். 20 பாக்கெட் எடுத்துக்கிட்டார். இப்ப மாசம் நாலு கடைக்குப் போகுது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் ஆதார் கார்டும் உங்க போனும் எடுத்துட்டு வாங்க. ஆதார்ல யார் நம்பர் இருக்குன்னு முதல்ல பார்ப்போம். மாத்த வேண்டியவங்க பேரை ஒரு பட்டியல் எழுதிக்கிட்டு சேர்ந்து போகலாம். பதிவுக்கு மனு போடணும்னு இருக்கறவங்க ரெண்டு போட்டோ, கரண்ட் பில் நகல், அது யார் பேர்ல இருக்கோ அவங்க சம்மதக் கடிதம் கொண்டு வாங்க. கடிதம் எப்படி எழுதறதுன்னு எங்ககிட்ட மாதிரி இருக்கு, பார்த்து எழுதிக்கலாம். நான் கூட இருக்கேன்.