கோப்பியும் கோமாளிகளும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பு மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்தார் எங்களிடம் கேட்டது சுகாதாரம் பற்றி ஒரு பேச்சு. வகுப்பில் ஒருத்தி டொக்டராகிவிட்டால் எல்லாரும் அவளிடம் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், தோட்டத்திலேயே இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாரையும் கலந்து பேசி, எங்களுக்கு உண்மையாகவே பைத்தியம் உள்ள இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்தோம். ஒன்று கோப்பி. மற்றது சிரிப்புப் படம். சுகாதாரம் நடுவில் வந்து சேரும், பயப்பட வேண்டாம்.

தேயிலை நாட்டில் பிறந்து கோப்பிக்கு ஆசைப்படுவது கொஞ்சம் துரோகம் போலத்தான் இருக்கும். லயத்து வீடுகளில் எங்களுக்குக் கிடைத்தது பிளேன்டீ. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கோப்பி விருந்தாளி வந்தால்தான், அல்லது காய்ச்சல் வந்தால்தான். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வீடுகளில் மிளகுக்கொடிக்கும் கராம்பு மரத்துக்கும் இடையில் நாலைந்து கோப்பி மரம் நிற்கும். பூத்தால் மல்லிகை வாசம் பாதை வரைக்கும் வரும். அந்த வீட்டு அம்மாமார் பழத்தைப் பறித்துக் காயவைத்து, தாச்சியில் கறுக்க வறுத்து, உரலில் இடித்துத் தருவார்கள். எங்கள் வீடுகளில் அதோடு கொத்தமல்லியும் ஒரு துண்டு சுக்கும் சேரும். கொதிதண்ணீரை ஊற்றி, மண்டி கீழே இறங்கும் வரைக்கும் பொறுத்திருந்து, ஒரு கடி கித்துள் கருப்பட்டி, ஒரு மிடறு கோப்பி. இத்தாலிக்காரன் மெஷினில் புகையடித்து எடுப்பதை எங்கள் வகுப்பில் பலர் இப்போது பல ஊர்களில் குடிக்கிறார்கள். குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மண்டி இறங்கும் வரை காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடப் பேச்சு அதில் இல்லை.

இந்தக் கோப்பிக்கும் எங்களுக்கும் உள்ள உறவு நாக்கோடு முடிவதில்லை. 1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு எதிரே மகாவலியின் அக்கரையில் கன்னொறுவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டம் போட்டார்கள். கண்டியைச் சுற்றியிருந்த காடு மலை மலையாக வெட்டப்பட்டது. பன்வில, மடுல்கலைப் பக்கமும் அந்தக் காலத்தில் கோப்பிக்காடுதான். வேலைக்கு ஆள் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரத்திலேயே முடிந்துபோனவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எங்கள் மக்கள் அதே வழியை மறுபடி நடந்தார்கள்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் தேவை. அதனால் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் கீழ்ப்புறத்தில் மஞ்சள் தூள் போல ஒன்று கண்ணில் பட்டது. இலைத் துரு நோய், ஒருவகைப் பங்கசு. ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் ஒருவரை 1880இல் இங்கிலாந்திலிருந்து ஆராய அனுப்பினார்கள். பங்கசின் வித்திகள் காற்றில் பரவுவதை அவர் தெளிவாகக் காட்டினார். ஒரே பயிரை மலை முழுக்க இடைவெளியில்லாமல் நட்டதுதான் நோய்க்கு வசதி செய்து கொடுத்தது. அவர் சரியாகச் சொன்னார், ஆனால் தோட்டங்களைக் காப்பாற்ற நேரம் கடந்துவிட்டது. பட்டுப்போன கோப்பி மரக் கட்டைகளை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை அதற்குப் பிறகு மலையெல்லாம் ஏறியது. தேயிலைக்குப் பருவமில்லை, வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்ததால் குடும்பம் வந்தது, லயம் வந்தது, பிள்ளை பிறந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. அந்தப் பங்கசு மட்டும் வந்திருக்காவிட்டால் எங்கள் பூட்டிமார் இந்த மலைக்கு ஏறியிருப்பார்களோ என்னவோ. நூற்றாண்டு விழாவில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலைச் செயலாளர் அக்கா வாசித்தபோது இந்தப் பெயரும் விடுபட்டுவிட்டது: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். அடுத்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

இனி டொக்டர் பேச்சு. சுருக்கமாக.

கோப்பி கெட்டதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சுகதேகியான ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு நல்ல கோப்பையில் ஏறத்தாழ 80, 100 இருக்கும். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் ஆகும், கர்ப்பத்தின் பிற்பகுதியில் அதைவிட மிக நீண்ட நேரம். பரீட்சைக்கு விழித்திருக்க இரவு பத்து மணிக்குக் கோப்பி போடும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எங்களை உண்மையில் உறுத்துவது வேறு. மகப்பேற்று விடுதியில் வேலை செய்யும்போது, தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. வெள்ளைக் கடதாசி போல இருக்கும். முதல் பிள்ளைத்தாய்ச்சி, இருபத்தொரு வயது. "மாத்திரை குடிக்கிறியா தங்கச்சி?" என்றால், "ஒருநாளும் விடுறதில்ல டொக்டர்" என்பாள். பொய்யில்லை, குடிக்கத்தான் செய்கிறாள். எதோடு குடிக்கிறாய் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். ரொட்டி, சம்பல், மாத்திரை, பெரிய கோப்பை நிறையப் பிளேன்டீ.

1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எங்களுக்கு மனப்பாடம். சாப்பாட்டோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் இரும்புச்சத்து 39 சதவீதம் குறைந்தது. தேநீர் குடித்தால் 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கோப்பி குடித்தாலும் அதே தடைதான். ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் குடித்தால் எந்தக் குறைவும் இல்லை. அதாவது பெரட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ரொட்டியைப் பிறகு தண்ணீரோடு சாப்பிட்டால் கணக்கு மாறிவிடும். செலவு ஒரு சதமும் இல்லை. மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரோடு எடுக்க வேண்டும். பாடசாலைகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து, போலிக்கமில மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? பின்வரிசைப் பிள்ளைகளே, அதை எந்த நேரத்தில், எதோடு விழுங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். நூறாவது வருடத்துக்கு வாசலில் வளைவு கட்டுவதா, மணிக்கூட்டுக் கோபுரம் கட்டுவதா என்று சங்கத்தில் விவாதம் நடப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வகுப்பின் ஓட்டு ஒவ்வொரு வகுப்பறைக்கும் சுத்தமான குடிதண்ணீருக்கு. தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இல்லாத பிள்ளை போத்தலில் தேத்தண்ணிதான் கொண்டுவருவாள்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்லும்போது முன்னால் இருக்கும் தாய் தலையை ஆட்டிக்கொண்டே, "அது தெரியும் டொக்டர்" என்பாள். அந்த இடத்தில் எங்களுக்கு அறிவாளி படம் ஞாபகம் வந்துவிடும். 1963இல் வந்தது. தங்கவேலு மனைவிக்குப் பூரி சுடச் சொல்லிக்கொடுப்பார், முத்துலட்சுமி ஒவ்வொரு அடிக்கும் தனக்குத் தெரியுமென்று சொல்லிக்கொண்டே போவார், கடைசியில் ஒன்றும் நடந்திருக்காது. மருத்துவ பீடத்தில் நோயாளியோடு பேசுவது எப்படி என்று தனிப் பாடமே நடத்துகிறார்கள். அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்துவிடும். "விளங்கியதா?" என்று கேட்காதே, "நீ என்ன செய்யப்போகிறாய், சொல்லு பார்ப்போம்" என்று கேள். அவ்வளவுதான்.

காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியும் அப்படித்தான். 1964இல் ஸ்ரீதர் எடுத்தது. எல்லாரும் நாகேஷைப் புகழ்கிறார்கள். எங்கள் வகுப்பில் நெடுநாள் வழக்கு இது, கடைசியில் தீர்ப்பு பாலையாவுக்கே. கதையைச் சிரிப்பாக்கியது கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம்.

எங்கள் காலத்தில் படம் பார்ப்பதென்றால் டெக் வாடகைக்கு எடுக்க வேண்டும். தீபாவளிக்கு லயத்தில் காசு சேர்த்து எடுத்து, விடிய விடிய மூன்று படம். கரகாட்டக்காரனில் கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் கணக்கு வந்ததும் கசட்டைப் பின்னால் ஓட்டி இரண்டாம் முறை பார்ப்போம். மைக்கேல் மதன காமராஜனில் கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்த இடத்தில் எங்கள் தாத்தா ஒருவருக்கு இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கிரேஸி மோகனின் வசனம் ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துவிடும். சிரிப்பில் பாதி காதில் விழாது. அதற்காகவே மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் எங்கள் அம்மாமாரைக் கேட்டால் இவையெல்லாம் பிறகுதான். அவர்களுக்குக் கோமாளிகள். இலங்கை வானொலியில் கோமாளிகளின் கும்மாளம் என்று போன நாடகம், 1976இல் படமானது. எழுதியவர் மரிக்கார் ராம்தாஸ். அவர் முஸ்லிம் தமிழ் பேசுவார், உபாலியாக வந்த செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழ், அப்புக்குட்டி ராஜகோபால் யாழ்ப்பாணத்துத் தமிழ், அப்துல் ஹமீட் ஐயர் தமிழ். நாலு பேரும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே ஒரே கதைக்குள் வாழ்ந்தார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு இந்த நாட்டில் நடந்தவற்றை நினைத்தால், அம்மாமார் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது சிரித்துவிட்டு ஏன் கொஞ்சம் மௌனமாகிறார்கள் என்று விளங்கும். எங்கள் வைத்தியசாலை விடுதியில் இன்றும் அந்த நாலு தமிழும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கின்றன. வலி குறைந்த அடுத்த நாள் ஒருவர் பேச்சை ஒருவர் பகிடி பண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

வலி என்றதும் ஒன்று. ஒக்ஸ்போர்டில் ரொபின் டன்பார் குழுவினர், ஆட்களுக்குச் சிரிப்புப் படம் காட்டி, முன்னும் பின்னும் கையில் குளிர்ந்த உறை மாட்டியோ இரத்த அழுத்தப் பட்டியை இறுக்கியோ எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் கூடுதலாகத் தாங்க முடிந்தது. ரொபர்ட் புரொவைன் என்ற உளவியலாளர் கணித்தது இன்னொன்று: தனியே இருக்கும்போதைவிட ஆட்களோடு இருக்கையில் மனிதர் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். சிரிப்பால் புற்றுநோய் போகும் என்று வட்ஸ்அப்பில் வருவதை நாங்கள் சொல்லவில்லை. அது போகாது. அனுப்பாதீர்கள்.

பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்று சொல்லி வளர்த்த ஊர் இது. பல்லைக் காட்டாதே, வாயைப் பொத்து, குனிந்து இரு. விடுதியில் விளக்கணைத்த பிறகு தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்த பழக்கம் எங்களில் சிலருக்கு இன்னும் போகவில்லை. டொரண்டோவில் சொந்த வீட்டில் உட்கார்ந்து வடிவேலுவின் புலிகேசியைப் பார்க்கும்போதும் கை தானாக வாய்க்குப் போகிறதாம். அதே ஊர்தான் ஆச்சி மனோரமாவுக்குக் கைதட்டியது, தில்லானா மோகனாம்பாளில் ஜில் ஜில் ரமாமணி வரும்போது விசிலடித்தது. திரையில் ஒரு பெண் சிரிக்கவைத்தால் சரி, திண்ணையில் சிரித்தால் பிழையா? இன்றைய மாணவிகளின் தமிழ்த் தினப் போட்டி நாடகங்களில் நகைச்சுவைப் பாத்திரத்தைப் பெண் பிள்ளைகளே எழுதி நடிக்கிறார்கள் என்று காலையில் ஒரு டீச்சர் சொன்னார். எங்கள் காலத்தில் நகைச்சுவை என்றால் மீசை ஒட்டிக்கொண்டால்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மலரை வெளிநாட்டில் வாசிக்கும் அக்காமாரில் யாராவது வீட்டில் கோமாளிகளின் கும்மாளம் வானொலிப் பதிவு உள்ள பழைய கசட் வைத்திருந்தால், தயவுசெய்து சங்கத்துக்கு அறிவியுங்கள். நாடா பாசி பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைத்து ஓடவைக்கத் தெரிந்த பிள்ளை எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள்.

மண்டபத்துக்குப் பின்னால் கோப்பி தயாராக இருக்கிறது. மல்லி சேர்த்தது தனியாகவும் சேர்க்காதது தனியாகவும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் தாண்டிவிட்டது, நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பேச்சை நீட்டினோம். கருப்பட்டியை மட்டும் ஆளுக்கு ஒரு துண்டு எடுங்கள், பின்வரிசைக்கும் வர வேண்டும்.