மரக்கட்டையும் நுரையும்

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன். உப்பின் அளவு, விளக்கு, உயிர்ப்பாறை இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. அதனால் நேரே, தண்ணீரின் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மருக்கு வந்துவிடுகிறேன்.

இப்போது கடைக்குப் போனால் ஸ்கிம்மரைக் கைப்பேசியில் இயக்கிக் காட்டுகிறார்கள். பம்ப்பின் வேகத்தை விரலால் கூட்டலாம், குறைக்கலாம். நுரை சேரும் கோப்பை நிறைந்தால் செய்தி வரும். எல்லாம் சரி. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. தொட்டியில் எத்தனை மீன்? ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி?

பெட்டியின்மேல் '1000 லிட்டர் வரை' என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. ஸ்கிம்மர் எடுப்பது தண்ணீரை அல்ல, தண்ணீரில் கரைந்து கிடக்கும் கழிவை. 300 லிட்டர் தொட்டியில் இரண்டு கோமாளி மீன் மட்டும் வளர்ப்பவரும், அதே 300 லிட்டரில் மீன்களை நிறைத்து மூன்று வேளையும் தீனி போடுபவரும் ஒரே கருவியை வாங்குவது சரியாகாது. லிட்டரைப் பார்க்காதீர்கள், தீனியைப் பாருங்கள். இதை இன்னும் ஒருமுறை சொல்வேன்.

தெம்பனிஸில் இருக்கும் நண்பர் ஒருவர், பெரியதாக வாங்கினால் நல்லது என்று நினைத்து, தன் சிறிய தொட்டிக்குப் பெரிய தொட்டிக்கான ஸ்கிம்மரை வாங்கிவிட்டார். கோப்பையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கருவி பழுது என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார். கருவியில் ஒரு குறையும் இல்லை. ஸ்கிம்மரின் அகலமான கழுத்தில் நுரை ஏறி நிற்க வேண்டுமென்றால், அதைத் தாங்கும் அளவுக்குக் கழிவு வேண்டும். அவர் தொட்டியில் அவ்வளவு கழிவே இல்லை, நுரை பாதி வழியிலேயே உடைந்து விழுந்துகொண்டிருந்தது. கழுத்து குறுகலான சிறிய கருவி ஒன்றை மாற்றி வைத்தோம். ஒரு வாரத்தில் கோப்பையில் கறுப்புத் தேநீர் நிறத்தில் திரவம் சேர்ந்துவிட்டது.

இனி, என் மனத்துக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மரக்கட்டை.

1960களில் ஜெர்மனியில் எர்வின் சாண்டர் என்பவர் காற்றால் இயங்கும் ஸ்கிம்மர்களைச் செய்தார். உயரமான ஒரு குழாய். அடியில் லிண்டன் மரத்தில் செய்த சிறு கட்டை. வெளியே இருக்கும் ஏர் பம்ப் அந்தக் கட்டைக்குள் காற்றை அழுத்துகிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று பால் போலப் பொங்கி வருகிறது. குமிழிகள் மேலே ஏறுகின்றன, தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் எதிரெதிரே போவதுதான் இதன் உயிர். எதிர் நீரோட்டத்தில் ஏறும் குமிழி மெதுவாக ஏறும். மெதுவாக ஏறினால் கழிவோடு ஒட்டியிருக்கும் நேரம் கூடும்.

புரதம் போன்ற கழிவு மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை தண்ணீரை வெறுக்கும். வெறுக்கும் முனை காற்றைத் தேடிக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் நமக்கு வேண்டியது மேற்பரப்பு. அதே அளவு காற்றில் குமிழியின் விட்டத்தைப் பாதியாக்கினால் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகும். மரக்கட்டை தருவது அந்த நுண்குமிழியைத்தான். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேர்வதில்லை, அதனால் அந்த நுண்மை மேலே வரும்வரை நிற்கிறது. நன்னீர்த் தொட்டியில் இந்தக் கருவி சரிவர வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெர்லின் முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிர்ப்பாறை, வலுவான வெளிச்சம், வலுவான ஸ்கிம்மர், வேறு வடிகட்டி கிடையாது. 1980களில் பெர்லினில் டீட்ரிஷ் ஸ்டூபர் என்பவர் அக்ரோபோரா பவளத்தை வீட்டுத் தொட்டியில் வளர்த்து, துண்டு துண்டாகப் பிறருக்கும் கொடுத்தார். கடலில்தான் வளரும் என்று எல்லாரும் நினைத்திருந்த பவளம் அது. அந்தக் காலத்தில் கைப்பேசியில் இயங்கும் பம்ப் ஏது?

பழைய கருவி புதியதற்கு ஈடாகுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்ட கேள்விதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009இல் இதை அளந்து பார்த்தார். ஊசிச்சக்கரம், வென்ச்சுரி, காற்றால் இயங்கும் ஏர் ஸ்டோன், டவுன்டிராஃப்ட் என்று வகைக்கு ஒன்றாக வைத்து, தண்ணீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பனில் எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுத்தார். எந்த வகையானாலும் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடுதான் குறைந்தது. மீதி தண்ணீரிலேயே தங்கிவிட்டது. வகைக்கு வகை பெரிய வித்தியாசம் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், வகைக்கு வகை பெரிய வித்தியாசம் இல்லை. விலையில் மட்டும் எத்தனை மடங்கு வித்தியாசம்!

எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இங்கே, சிங்கப்பூரில், நான் முதலில் பார்ப்பது சூட்டை. நம் வீவக வீட்டில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், பவளத்துக்கோ 25, 26 டிகிரி வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிய பம்ப் தன் சூட்டைத் தண்ணீருக்கே கொடுக்கும். ஏர் பம்ப்போ வெளியே உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடு அறைக்குப் போய்விடும். இன்னொன்று, சில வாட் மின்சாரமே போதும்.

மரக்கட்டையை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது உண்மைதான். துளை அடைத்துக் குமிழி பெரியதாகத் தொடங்கினால், அதுதான் மாற்றச் சொல்லும் அறிகுறி. குழாய் உயரமாக இருப்பதால் அலமாரிக்குள் அடங்காது என்கிறார்கள். அலமாரிக்கு வெளியே வையுங்கள். பால் நிறத்தில் குமிழிகள் ஏறுவதைப் பார்க்க என் மருமகள் தினமும் தொட்டி முன்னால் வந்து நிற்பாள். மீனைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிக நேரம் பார்ப்பாள்.

பம்ப்பின் சக்கரமே காற்றை உடைத்துக் குமிழியாக்கும் ஊசிச்சக்கரக் கருவிதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சம்ப்பில் அதற்கென்று சொல்லப்பட்ட நீர்மட்டத்தை மாறாமல் வைத்திருங்கள், மட்டம் ஒரு விரற்கடை ஏறினாலே நுரையின் போக்கு மாறிவிடும். காற்று இழுக்கும் குழாயில் உப்பு படிந்து அடைக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள். அவ்வளவுதான்.

எந்தக் கருவியானாலும் கடையில் வைத்தே கோப்பையை ஒரு கையால் கழற்றிப் பாருங்கள். கழற்றச் சிரமமான கோப்பையை நீங்கள் வாரம் இருமுறை கழுவ மாட்டீர்கள். கழுத்தின் உள்சுவரில் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது, ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய கருவியும் நின்றுபோகும். புதுக் கருவி பழகச் சில நாள் முதல் சில வாரம்வரை ஆகும், அதற்குள் திருகைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். எண்ணெய்ப் பசையோடு தொட்டிக்குள் கையை விட்டாலும் நுரை சற்று நேரம் படுத்துவிடும், பிறகு தானாக எழும்பிவிடும்.

லிட்டரைப் பார்க்காதீர்கள், தீனியைப் பாருங்கள். சொல்வேன் என்றேன், சொல்லிவிட்டேன்.

சத்தம் தாங்கவில்லை, இரவில் நிறுத்தி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. இரவில் விளக்கு அணைந்ததும் பாசியும் பவளத்துக்குள் வாழும் நுண்பாசியும் உயிர்வளி தருவதை நிறுத்திவிடும், ஆனால் தொட்டியில் எல்லா உயிரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஸ்கிம்மர் ஊட்டும் காற்று அப்போதுதான் மிகவும் தேவை. ஏர் பம்ப்பை ஒரு தடித்த ரப்பர்த் துண்டின்மேல் வையுங்கள், சுவரில் படாமல் வையுங்கள், பாதிச் சத்தம் அடங்கிவிடும். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். முடியாவிட்டால் காற்றுக் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் போடுங்கள். மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்காமல் அது தடுத்துவிடும்.