வயலோரத்தில் உணவைப் படம் பிடித்தல்

(உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சாமை, கேழ்வரகு மாவு, பாரம்பரிய அரிசி ஆகியவற்றை இடைத்தரகர் இன்றி நேரே விற்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வெளியூரிலிருந்து வாங்குபவர் முதலில் காண்பது உங்கள் தானியத்தையன்று. கைப்பேசியில் நீங்கள் அனுப்பும் படத்தையே. சாமையை மட்டும் காட்டினால் அதை என்ன செய்வதென்று நகரத்துப் பெண்மணிக்குத் தெரியாது. சாமைப் பொங்கலைக் காட்டினால் தெரியும். ஆகவே, வீட்டில் சமைத்ததை வயலோரத்திலோ தோட்டத்திலோ வைத்துப் படம் எடுப்பது பயனுள்ள வேலைதான்.

நான் பட்ட நட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றை மாலை வெயிலில் படம் எடுத்து ஒருவருக்கு அனுப்பினேன். படத்தில் சோறு செக்கச்செவேலென்று இருந்தது. அரிசி போய்ச் சேர்ந்ததும், "படத்தில் கண்டது இதுவன்று" என்று பத்துக் கிலோவையும் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். போகவர ஆன கூலி என் தலையில். அரிசியில் குறையில்லை. சூரியன் சாயும்போது ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பும் மஞ்சளும் மிகுந்துவிடுகின்றன. அழகான ஒளிதான், ஆனால் விற்பனைக்கு உதவாது.

காலை எட்டு மணிக்கு மேல், வீட்டின் மேற்குச் சுவரோர நிழலிலோ திண்ணையிலோ எடுங்கள். உச்சி வெயில் கூடாது. வேப்பமரத்தடி குளுமையாக இருந்தாலும் இலை இடுக்கு வழியே விழும் வெயில் சோற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வாழைத்தோப்பின் நடுவிலும் பச்சை நிழல்வலையின் அடியிலும் எடுக்கவே வேண்டாம். பச்சை படிந்த இட்லி, பூசணம் பிடித்தது போலத் தோன்றும். தட்டின் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால், அந்தப் பக்கத்தில் வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்தால் போதும். வெளிச்சம் திரும்பி விழும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சமாகக் காட்டவே கைப்பேசி முயலும். அதனால் வெள்ளை இட்லி சாம்பல் நிறமாகவும், கரிய கேழ்வரகுக் களி வெளிறியும் பதிவாகின்றன. திரையில் உணவின் மேல் விரலால் தொட்டு, இட்லிக்கு வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள்; களிக்குக் குறையுங்கள். எடுத்த பின் படத்தைத் தட்டின் அருகில் பிடித்து, நிறம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். சில கைப்பேசிகள் தாமாகவே நிறத்தைக் கூட்டிவிடும். அதற்கு முன்னதாக, கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைப்பது நல்லது. சமையல் கையின் எண்ணெய் பட்டால் படம் முழுதும் புகை மூட்டமாகிவிடும்!

இலை நிறையப் பரிமாறிய சாப்பாட்டை நேர் மேலிருந்தும், அடுக்கிய இட்லியையும் பானையையும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கலாம். ஆவி தெரிய வேண்டுமானால் ஒளி பின்புறமிருந்து வரட்டும், பின்னணி இருண்டிருக்கட்டும். நுனி இலை போட்டால் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்ட இலையை நம் மக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மருந்து தெளித்த வயலில் உணவை வைக்காதீர்கள். பக்கத்து வயலில் தெளித்தாலும் காற்றில் சாரல் வந்துவிடும். அன்றைக்குப் படம் வேண்டாம். பின்னணியில் மருந்து டப்பாவோ தெளிப்பானோ கிடந்தால், சோறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்ப்பவர் மனம் ஒப்பாது. ஈ மொய்க்காமல் கடைசி வரை மூடி வையுங்கள். கோடையில் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். இடத்தையும் கோணத்தையும் வெறுந்தட்டை வைத்தே முடிவு செய்துகொண்டு, சோற்றைக் கடைசியில் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

சிலர் பளபளப்புக்காக எண்ணெய் பூசுகிறார்கள், சாயப்பொடி தூவுகிறார்கள். அது வேண்டாம். தட்டின் அருகே முறத்தில் ஒரு கைப்பிடி அதே தானியத்தைப் பரப்பி, இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். கீழே அறுவடை செய்த மாதத்தையும் எழுதி அனுப்புங்கள். இப்போது நான் அப்படித்தான் அனுப்புகிறேன். அதன் பின் ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை.