தாமதமும் ஒரு சான்றே: யூ-2511இன் போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின் இறுதிக்காலத்து ஜெர்மானிய நீர்மூழ்கிகளைப் பற்றி எழுதுவோர் பலர், 21ஆம் வகைக் கப்பல் ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் அட்லாண்டிக் போரின் போக்கே மாறியிருக்கும் என்ற பெருமூச்சோடு முடிக்கிறார்கள். அவ்வகையில் போர்ப் பயணம் புறப்பட்டவை இரண்டே கப்பல்கள். அவற்றுள் ஒன்றான யூ-2511இன் வரலாறு இக்கூற்றுக்கு இடம்தரவில்லை என்பதே என் வாதம். அதைக் கட்டிய முறையிலேயே தாமதம் அடங்கியிருந்தது.

1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி சுமார் 40 நீர்மூழ்கிகளை இழந்தது. தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் கப்பல்களை விலக்கிக்கொண்டார். அந்த நெருக்கடியே புதிய வகையை அவசரப்படுத்தியது. பெரும் மின்கலத் தொகுதியின் வலிமையால் நீருக்கடியில் மணிக்கு 17 கடல்மைல் ஓடக்கூடிய வடிவம் அது. பழைய கப்பல்களின் வேகத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனால் முன்மாதிரி ஒன்றைக் கட்டிச் சோதிக்காமலே மொத்தமாகக் கட்ட ஆணையிட்டார்கள். கப்பல் கட்டிப் பழகாத உள்நாட்டு எஃகு ஆலைகள் உடற்பகுதியைத் துண்டு துண்டாகச் செய்து வாய்க்கால் வழியே அனுப்பின; ஹாம்பர்க், பிரேமன், டான்சிக் தளங்களில் அவற்றைப் பொருத்தியபோது அளவுகள் ஒத்துவரவில்லை. மிச்சப்படுத்திய காலம் திருத்தவேலையில் கரைந்தது. 1944 செப்டம்பரில் பணியில் சேர்க்கப்பட்ட யூ-2511, போர் முடியும் தறுவாயில்தான் பெர்கனிலிருந்து புறப்பட்டது. இடைப்பட்ட ஏழு மாதங்கள் பயிற்சிக்கும் பழுதுநீக்கத்துக்கும் போயின. பணியில் சேர்ந்த 118 கப்பல்களில் இரண்டே வேட்டைக்குப் போயின என்ற கணக்கின் பொருள் இதுதான்.

நேச நாடுகளின் குண்டுவீச்சும் பயிற்சி நடந்த பால்டிக் கடலில் விமானங்கள் தூவிய கண்ணிவெடிகளும் அல்லவா தாமதத்துக்குக் காரணம் என்று கேட்கலாம். அவை தாமதத்தைப் பெருக்கின என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அளவு பிசகிய எஃகை எந்தக் குண்டும் உண்டாக்கவில்லை. தவிர, ஓராண்டு முன்னதாக வந்திருக்கவேண்டும் என்பவர் அந்த ஓராண்டில் எதிரி கைகட்டி நின்றிருப்பான் என்றும் கொள்ளவேண்டும்.

இன்னொரு மறுப்பு வலியது. தாக்குதலை நிறுத்தும் ஆணை 1945 மே 4இல் வந்தபின், பிரிட்டனின் நார்ஃபோக் போர்க்கப்பலை அறியப்படாமல் நெருங்கி, டார்பிடோ ஏவாமல் விலகியதாகக் கப்பல்தலைவர் அடல்பர்ட் ஷ்னே சொன்னார். அது உண்மையெனவே கொண்டாலும், பயிற்சி மிக்க ஒரு தலைவர் ஒருமுறை நெருங்கியதைத்தான் காட்டும். காவலோடு செல்லும் கப்பல் அணிகளை நூறு புதிய குழுக்கள் மாதக்கணக்கில் தாக்கித் தாக்குப்பிடித்திருக்கும் என்று காட்டாது. போருக்குப்பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இவ்வடிவத்திலிருந்து கற்றுக்கொண்டது மெய்யே. வடிவமைப்பின் பெருமை வேறு, அந்தப் போரில் அக்கப்பல் ஆற்றிய பணி வேறு.

சரணடைந்த யூ-2511, 1946 ஜனவரியில் பிரிட்டனால் மூழ்கடிக்கப்பட்டது. அது எதையும் மூழ்கடித்ததில்லை. எனவே, இம்மாநாட்டில் கட்டுரை படிக்க இருப்போரிடம் ஒன்று வேண்டுகிறேன்: ஓர் ஆயுதத்தை எடைபோடும்போது வேகத்தையும் ஆழத்தையும் மட்டும் பாராமல், ஆலை, வாய்க்கால், பயிற்சிக்கடல், பழுதுபார்க்கும் தளம் ஆகியவற்றின் ஏடுகளையும் சேர்த்துப் படியுங்கள். இவ்வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.