மறுபடியும் ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர் சேர்ந்து பேசியதன் எழுத்து வடிவம்.)



நாங்கள் இருவரும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நேபாள நாட்டில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கு 2013, 2016, 2018, 2023 என்று நாலு தடவை போய்ச் சம்பளம் இல்லாமல் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறோம். "ஒரு தடவை போனீங்க, சரி. மறுபடியும் மறுபடியும் எதுக்குப் போறீங்க?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், பஸ்ஸிலும் கேட்கிறார்கள். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறோம்.

ராத்திரி விசில் ஊதிக்கொண்டு வருகிற காவல்காரரை நாம் கூர்க்கா என்கிறோம் இல்லையா? அந்தப் பேர் நேபாளத்தில் இருக்கிற கோர்க்கா என்ற ஊரை ஒட்டி வந்தது. எங்கள் தெருவில் காவல் இருந்தவர் நிஜமாகவே கோர்க்கா மாவட்டத்துக்காரர். அவர் மகள் ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். "எங்க ஸ்கூல்ல டீச்சர் பத்தலை, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களே" என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

போவது பெரிய காரியமில்லை. 1950 உடன்படிக்கையின்படி இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், அடையாள அட்டை போதும். கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து சோனௌலி எல்லைக்குப் பஸ். எல்லையை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் பைரஹவாவில் மறுபடி பஸ், அப்புறம் ஜீப், கடைசியில் ஏற்றத்தில் நடை. நம்ம நூறு ரூபாய்க்கு அவர்கள் பணம் 160 ரூபாய், 1993 முதல் அதே கணக்குதான். கடிகாரத்தை மட்டும் கால் மணி நேரம் முன்னாடி வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு இந்திப் பரீட்சை எழுதியது கை கொடுத்தது, ஏனென்றால் நேபாளி மொழிக்கும் அதே எழுத்துதான். பேச்சுக்குத்தான் திண்டாட்டம்.

முதல் தடவை ஆறு வாரம் இருந்தோம். வெளிநாட்டுத் தொண்டர்கள் அந்தப் பள்ளிக்குப் புதுசில்லை. ஐரோப்பாவிலிருந்து இளம்பிள்ளைகள் வருவார்கள், இரண்டு வாரம் இருப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கண்ணீரோடு கிளம்புவார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். "வாட் இஸ் யுவர் நேம்" என்று கேட்டால் மூன்றாம் வகுப்பே கூரை அதிரப் பதில் சொல்லும். அடுத்த பக்கத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை.

2015 ஏப்ரல் 25, பகல் 12 மணி ஆகப்போகிற நேரத்தில் நேபாளத்தில் பூகம்பம் வந்தது. கோர்க்கா மாவட்டத்தில்தான் அதன் மையம். ஏறத்தாழ 9,000 பேர் இறந்துபோனார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை. அங்கே பள்ளிக்கு வார விடுமுறை அன்றுதான். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் விழுந்தன, உள்ளே பிள்ளைகள் இல்லை. வேறு கிழமையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. எங்கள் பள்ளியும் விழுந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின சுவர், நிற்கவில்லை.

உடனே ஓட மனசு பறந்தது. ஆனால் அங்கிருந்து வந்த பதில், "இப்ப வந்தா உங்களுக்கும் சேர்த்துச் சோறு தேடணும், பொறுங்க" என்பதுதான். அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து 2016 பிப்ரவரி வரை எல்லையில் சரக்குப் போக்குவரத்தும் முடங்கிப்போய், கேஸும் டீசலும் இல்லாமல் அந்த ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்புறம் நாங்கள் போனபோது, "உங்க நாடு ஏன் அப்படிப் பண்ணுச்சு?" என்று ஒரு பாட்டி நேருக்கு நேராகக் கேட்டார். கேட்டுவிட்டு டீயும் கொடுத்தார்.

2016-ல் போனபோது மூங்கில் நட்டுத் தகரம் போட்ட கொட்டகையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்களை முதலில் கூப்பிட்டது தலைமை ஆசிரியர் இல்லை, ஆமா சமூஹ. "ஆமா" என்றால் அவர்கள் மொழியில் அம்மா. நாம் பேச்சுக்குப் பேச்சு "ஆமா, ஆமா" என்று தலையாட்டினால் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. இந்த அம்மாக்கள் குழு நம்ம மகளிர் குழு மாதிரிதான். தீபாவளி சமயத்தில் அங்கே திஹார் பண்டிகை. அப்போது வீடு வீடாகப் பாடி ஆடிப் பணம் சேர்ப்பார்கள். மாதாமாதம் சேமிப்பும் உண்டு. குழாய், நடைபாதை, பள்ளி என்று அந்தப் பணம்தான் போகும். ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்தால், ஊரை யார் பார்ப்பது?

அந்தக் குழுத் தலைவி சொன்னார்: "தீதி, பிள்ளைகளுக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம். எங்க மிஸ்ஸுக்குப் பக்கத்துல உட்காருங்க." தீதி என்றால் அக்கா.

அந்த மிஸ் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண். அரசாங்கம் கொடுத்த பணியிடம் போதாத பள்ளிகளில், ஊரே பணம் போட்டு ஆசிரியரை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் போவது அம்மாக்கள் சேமிப்பிலிருந்து. ஒன்றும் இரண்டும் ஒரே அறையில், ஒரே ஆளாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பேசுவது குருங் மொழி, புத்தகம் நேபாளியில். ஒவ்வொரு தொண்டர் வரும்போதும் மிஸ்ஸை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவர்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் வெள்ளைக்கார மிஸ்தான் மிஸ் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊர்ப் பணத்தில் வைத்த ஆசிரியைக்கு ஊர்ப் பிள்ளைகளிடம் மதிப்புக் குறைந்தால், அவள் எத்தனை நாள் இருப்பாள்? தலைவியின் கவலை அது. பொகாராவில் தனியார் பள்ளிக்கு அந்தப் பெண்ணை வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். நம்ம தமிழ்நாட்டில் 2007 வாக்கில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது ஞாபகம் இருக்கும். பாய் விரித்து, அட்டை எடுத்து, பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறுகிற முறை. ஆந்திராவில் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவானது அது. ஒரே ஆசிரியர் பல வகுப்பைச் சமாளிக்க அதுபோல வேறு வழி நாங்கள் பார்த்ததில்லை. பள்ளி விட்டதும் தினம் ஒரு மணி நேரம் மிஸ்ஸும் நாங்களும் அட்டை தயாரித்தோம். கடையில் கிடந்த வைவை நூடுல்ஸ் பெட்டிகளை வெட்டி, ஒரு பக்கம் குருங் வார்த்தை, மறு பக்கம் நேபாளி. குருங் வார்த்தையை நேபாளி எழுத்தில் எழுதியது மிஸ்தான். எங்களுக்கு அது தெரியாது, பிள்ளைகளுக்கும் அது தெரிந்தது. "எங்க மிஸ்ஸுக்குத் தெரியுது, இவங்களுக்குத் தெரியலை" என்று ஒரு பொடியன் சொன்னபோது அந்தப் பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் பொகாராவுக்குப் போகவில்லை. அம்மாக்களும் திஹார் பணத்திலிருந்து சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள்.

2018-ல் போனபோது அந்த இரண்டு வகுப்பும் எங்கள் உதவி இல்லாமலே அட்டையில் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளியில் எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. வேலை சாயங்காலம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கணவர் பணம் அனுப்பினால் போனில் ஒரு நீளமான எண் வரும். அதைக் கீழே பஜாரில் கவுண்டரில் சொன்னால்தான் பணம். எண் ஆங்கிலத்தில். வயதான அம்மாக்கள் சிலருக்குத் தெரிந்தது நேபாளி எண்கள் மட்டும். அவர்கள் எழுதுகிற ஒன்று நம்ம கண்ணுக்கு 9 மாதிரி இருக்கும். 9-ஐப் பார்த்து ஒன்று என்று எழுதிக்கொண்டு, இரண்டு மணி நேரம் இறங்கிப் போய், வெறுங்கையோடு ஏறி வந்த அம்மாவை நாங்களே பார்த்தோம். அடுத்தவரை வாசிக்கச் சொன்னால் எவ்வளவு பணம் வந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும், அந்தச் சங்கடம் வேறு. மூன்று வாரத்தில் பதினொரு பேர் எண்களைப் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தது பாதி நாங்கள், பாதி அந்த மிஸ்.

இடையில் ஒரு வார்த்தை. கல்லூரி படிக்கிற நம் பெண்கள் சிலர் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிற ஏஜென்சிகள் நிறைய. கட்டுகிற பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, உன்னை வரச்சொல்லிப் பள்ளி கேட்டதா, இந்த இரண்டையும் கேளுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. நேபாளத்தில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் சொல்லியிருக்கிறது. தொண்டர் கொண்டுவருகிற பணத்துக்காகவே பிள்ளைகளை ஊரிலிருந்து கூட்டிவருகிற ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

கொரோனாவால் இடையில் போக முடியவில்லை. 2023-ல் போனால் கட்டடம் புதுசு, கம்பி போட்டு உறுதியாகக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள்தான் இல்லை. ஒன்றாம் வகுப்பில் ஆறு பேர். குடும்பம் குடும்பமாகப் பொகாராவுக்கும் சித்வனுக்கும் இறங்கிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பது அந்த நாட்டில் நடக்கிறது. சேர்த்துவிட்டால் ஐந்து வயசுப் பிள்ளை ஒரு மணி நேரம் மலையில் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் சரிவைத் தாண்டி.

2015-ல் வந்த புது அரசியல் சட்டப்படி பள்ளிக்கூடம் உள்ளாட்சியின் பொறுப்பு. வார்டுக்கு இரண்டு பெண் உறுப்பினர்கள், அதில் ஒருவர் தலித் பெண். ஆக, கேட்க வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாக்கள் குழுவுக்குப் பேசத் தெரியும், ஆனால் எழுத்தில் கொடுத்துப் பழக்கமில்லை. "உங்க ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக எப்படி எழுதிக் கேட்பாங்க? ஒண்ணு ரெண்டு கொண்டாங்க" என்று கேட்டிருக்கிறார்கள்.

அது நம்மிடம் நிறைய இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். உங்களில் பலர் அதில் இருக்கிறீர்கள். கிராம சபையில் சுற்றுச்சுவர் கேட்டு, கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டு, ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போட்டவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். திஹார் முடிந்ததும் நாங்கள் கிளம்புகிறோம். பள்ளிக்காக உங்கள் குழு போட்ட தீர்மானம் இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, ஐப்பசி முதல் வாரத்துக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். கணக்குப் பக்கம் வேண்டாம். கேட்டது கிடைத்ததா, எத்தனை தடவை அலைந்தீர்கள் என்பதையும் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். நேபாளியில் மாற்றுகிற வேலையை நாங்களும் அந்த மிஸ்ஸும் பார்த்துக்கொள்கிறோம்.