வாய்தா தேதி உங்கள் செல்போனில்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பெண் வழக்கறிஞர் ஒருவர் பேசியது)

நிலத் தகராறு, ஜீவனாம்சம்னு கோர்ட்டுக்கு அலையுறவங்க இங்கேயும் இருப்பீங்க. ‘அடுத்த வாய்தா எப்போ?’ன்னு கேட்கவே ஒருநாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறுறீங்க. அந்தத் தேதியை வக்கீல்கள் நாங்க எதில் பார்க்கிறோம் தெரியுமா? செல்போனில்தான்.

‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்பது அரசு செயலி. காசு கிடையாது. கோர்ட்டில் பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும். தமிழ்நாட்டு மாவட்ட, தாலுகா கோர்ட்டு வழக்கு ‘டி.என்.’ என்று தொடங்கும். இடைவெளி விடாமல் அதைப் போட்டால் எந்தக் கோர்ட்டு, போன வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த தேதி எது, எல்லாம் வரும். பெரும்பாலும் ஆங்கிலம்தான்; படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வச்சுக்கோங்க. அந்த எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்குங்க. கோபிப்பாரோன்னு தயங்க வேண்டாம், அது உங்க வழக்கு.

தீர்ப்புகளைத் தேட ‘இந்தியன் கானூன்’ தளம் இருக்கு. அதிலும் காசில்லை. 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதில் இருக்கு: 2005 செப்டம்பர் 9-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும், இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனைப்போல மகளுக்கும் பங்குண்டு. ஆனா, அதைப் படிச்ச கையோட அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்காதீங்க. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பத்திரம் பதிவாகியிருந்தா கதை வேறே. முதலில் வக்கீலிடம் காட்டுங்க.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்குப் போன் போடுங்க. இலவச சட்ட உதவிக்குப் பெண் என்பதே தகுதி. வருமான வரம்பு கிடையாது.