அரிசியும் பருப்பும் நோய் எதிர்ப்பாற்றலும்

திருவனந்தபுரம் ஆரியசாலையின் மொத்தக் கடைகளில் நாள்தோறும் நிறுக்கப்படும் அரிசிக்கும் பருப்புக்கும் மனித உடலின் நோய் எதிர்ப்பாற்றலோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆனால் எதிர்ப்பாற்றல் என்றவுடன் பலருக்கும் தடுப்பூசியே நினைவுக்கு வருகிறது.

1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கு கொண்டனர். குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலினின்று காக்கும் அதே ஊசி, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அங்கே தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் உறவுக் கிருமிகள் அம்மக்களின் உடலை முன்பே பழக்கியிருந்தன என்பது கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. மருந்து ஒன்றே; சூழல் வேறு.

காசக்கிருமி புகுந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே நோய் வெளிப்படுகிறது. எஞ்சியோரின் வெள்ளணுக்கள் அதனை அடக்கி வைக்கின்றன. உணவு குறைந்தால் அந்தக் காவல் தளர்கிறது. இதனை ஐயமற நிறுவியது ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு. 2,800 நோயாளிகளின் குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு, பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும், நுண்ணூட்டச் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. புதிய மருந்தொன்று இதனைச் சாதித்திருந்தால் நாடெங்கும் விழா எடுத்திருப்பார்கள்!

கேரளத்தின் இடர் வேறு வகையானது. இங்கே தட்டில் சோறு குறையவில்லை, உழைப்புக் குறைந்துள்ளது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, இம்மாநிலத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இரத்தத்தில் சர்க்கரை கட்டுமீறினால் வெள்ளணுக்களின் செயல் மந்தமாகும். காசநோய்க்கான வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகும். புகையிலையும், காற்றோட்டமற்ற நெருக்கமான அறைகளும் அதனை மேலும் கூட்டுகின்றன.

காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்டுவந்த ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் அளிக்கும் முறை அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. நோயாளியின் பெயரைப் பதியும் ஊழியர், அவ்வீட்டில் உண்போர் எத்தனை பேர், அவர்களின் எடை என்ன, சர்க்கரை அளவு என்ன என்பவற்றையும் அதே நாளில் பதிந்தாக வேண்டும். எடை காண ஒரு தராசு போதும். ஆரியசாலையில் தராசுக்குப் பஞ்சமில்லை.